பையன் வீறிட்டால் என் காது தாங்கவில்லை, டாக்டர்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். ஈரோட்டில் இருக்கிறேன். வயது 28. முதல் குழந்தை, பையன், 7 மாதம் ஆகிறது. அழுகை என்றால்கூடப் பரவாயில்லை. இவன் சந்தோஷம் வந்தாலும் வீறிடுகிறான், கோபம் வந்தாலும் வீறிடுகிறான். அப்பாவின் பைக் சத்தம் கேட்டால் ஒரு கத்தல், கூழ் ஊட்ட ஒரு வாய் தாமதமானால் இன்னொரு கத்தல். காதுக்குள் ஊசி வைத்துக் குத்துகிற மாதிரி இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே எனக்குச் சத்தம் ஆகாது. கல்யாணத்தில் கெட்டிமேளத்துக்குக் காதைப் பொத்தினவள் என்று இன்றைக்கும் கிண்டல் செய்கிறார்கள். போன வாரம் அவன் விடாமல் கத்தியபோது பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு நாள் கையிலிருந்த கிண்ணத்தைச் சுவரில் எறிந்தேன். பிடித்து உலுக்கிவிடுவேனோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது. மாமியார், "பெத்தவளுக்குப் பிள்ளை சத்தம் ஒரு சத்தமா?" என்கிறார். கணவருக்கு ஜவுளிக்கடையில் வேலை, வீட்டுக்கு வர இரவு பத்தாகும். இவன் ஏன் இப்படிக் கத்துகிறான்? நான் காதில் ஏதாவது வைத்துக்கொள்ளலாமா, அது தப்பா? எனக்குத்தான் ஏதாவது கோளாறா? (பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால், நடுவில் ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப்போன விஷயத்தைப் பேசிவிடலாம். உலுக்கிவிடுவேனோ என்று ஒரு நொடி தோன்றியது என்றீர்கள். கைக்குழந்தையோடு வருகிற அம்மாக்களிடமும் அப்பாக்களிடமும் தனியாக உட்காரவைத்துக் கேட்டால், குரலைத் தாழ்த்திக்கொண்டு இதையே சொல்பவர்கள் நிறையப் பேர். தோன்றுவது வேறு, செய்வது வேறு. எழுந்து பாத்ரூமுக்குப் போனீர்களே, அன்றைக்கு நீங்கள் செய்ததிலேயே சரியான காரியம் அதுதான். அதற்காக வெட்கப்பட வேண்டாம்.

அடுத்த முறை அதையே கொஞ்சம் ஒழுங்காகச் செய்யுங்கள். எழுந்து போவதற்கு முன் குழந்தை எங்கே இருக்கிறான் என்பது முக்கியம். கட்டிலில் விடாதீர்கள், 7 மாதப் பிள்ளை புரண்டு விழுந்துவிடும். எழுந்து உட்காரத் தொடங்கிவிட்டான் என்றால் தூளியும் வேண்டாம். தரையில் மெத்தையை விரித்து, தலையணை, போர்வை, சின்னச் சாமான் எதுவும் கைக்கு எட்டாமல் எடுத்துவிட்டு, மல்லாக்கக் கிடத்துங்கள். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வாருங்கள். முகம் கழுவுங்கள், தண்ணீர் குடியுங்கள், யாருக்காவது போன் போடுங்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் அவன் அழுதால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. உலுக்கினால் ஆகும். அந்த வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம், கழுத்துக்கு இன்னும் வலு வரவில்லை. சில நொடி வேகமாக உலுக்கினாலே மூளையைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்கள் கிழியலாம். கண் பார்வை போகலாம், வலிப்பு வரலாம், உயிரே போகலாம். வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள், உங்கள் மாமியாருக்கும் சேர்த்து.

சரி, இனி சத்தத்துக்கு வருவோம்.

உங்கள் காது பொய் சொல்லவில்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் சட்டம் அனுமதிக்கிற ஒலி 55 டெசிபல். குழந்தை முழு மூச்சில் வீறிடும்போது பக்கத்தில் இருக்கிறவர் காதுக்கு 100 டெசிபலும் அதற்கு மேலும் வந்து சேரும். உங்கள் ஊர்ப் பக்கத்து விசைத்தறிப் பட்டறைக்குள் போயிருந்தால் தெரியும், அங்கே பேசுவதென்றால் காதருகே போய்க் கத்த வேண்டும். கிட்டத்தட்ட அதே அளவு ஓசை. பணியிடப் பாதுகாப்புக்காகப் பல நாடுகளில் பின்பற்றப்படும் கணக்கு ஒன்று உண்டு: 85 டெசிபல் ஓசையில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். பட்டறைத் தொழிலாளிக்குக் காது அடைப்பான் கொடு என்று சொல்கிற உலகம், தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு நிற்கும் அம்மாவைப் பார்த்து "ஒரு சத்தமா?" என்று கேட்கிறது.

அளவு மட்டும் காரணமில்லை. வீறிடலின் ஒலி சீராக வருவதில்லை. வினாடிக்கு 30 முதல் 150 தடவை வரை ஏறி இறங்கித் துடித்துக்கொண்டே வருகிறது. சாதாரணப் பேச்சில் அந்த வேகத் துடிப்பு கிட்டத்தட்ட இருக்காது. மூளை ஸ்கேன் வைத்துப் பார்த்த ஆய்வுகளில், இந்தத் துடிப்பைக் கேட்டதும் அபாயத்தைக் கவனிக்கிற பகுதியான அமிக்டலா விழித்துக்கொள்வது தெரிந்தது. போதாக்குறைக்கு, நம் காதுக்குழாயின் அமைப்பே 3,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்து ஒலியைப் பெருக்கிக் காட்டும். குழந்தைக் குரலில் ஏராளமாக இருப்பது அந்தப் பகுதிதான். யாராலும் கேட்டும் கேட்காத மாதிரி இருக்க முடியாதபடி அமைந்த ஓசை. எல்லோருக்குமே அப்படி என்றால், குக்கர் விசிலுக்கே உடம்பு தூக்கிப்போடும் உங்களைப் போன்றவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். இதற்கும் பாசத்துக்கும் சம்பந்தம் இல்லை. நெய் வாசனை பிடிக்காதவர்கள் நெய்யிட்டவரை வெறுக்கிறார்கள் என்று யாரும் சொல்வதில்லையே.

இவன் ஏன் கத்துகிறான்? பெரும்பாலும், கத்த முடிகிறது என்று கண்டுபிடித்துவிட்டதால். நாலைந்து மாதத்தில் குழந்தைகள் தங்கள் குரலை வைத்து விளையாடத் தொடங்கும். கீச்சிடும், உறுமும், உதட்டால் புர்ரென்று எச்சில் தெறிக்க ஊதும். ஆறேழு மாதத்தில், கத்தினால் வீடே திரும்பிப் பார்க்கிறது என்பது புரிந்துவிடும். வம்புக்கோ பிடிவாதத்துக்கோ செய்வதில்லை, அந்த அளவுக்குத் திட்டம் போட அந்த மூளைக்கு இன்னும் தெரியாது. பொதுவாகப் பேச்சு வர வர இது குறையும். அதற்குள் அவன் கத்துகிறான் என்று நீங்களும் குரலை உயர்த்தினால் அவனுக்கு அது போட்டிதான், இன்னும் ஏற்றுவான். முகத்தை அவன் முகத்துக்கு நேராக வைத்து ரகசியம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசிப் பாருங்கள். பல குழந்தைகள் கேட்பதற்காகச் சட்டென்று நிறுத்தும். கீச்சலுக்கு எல்லோரும் ஓடிவந்து சிரிப்பதைக் குறைத்துக்கொண்டு, மெதுவான "ம்மா", "ப்பா" சத்தத்துக்குக் கொண்டாடுங்கள். ஒரே நாளில் பலன் தெரியாது.

ஒரு சின்னச் சந்தேகத்தையும் தீர்த்துவிடுங்கள். வழக்கத்துக்கு மீறிச் சத்தமாகக் குரல் கொடுக்கும் குழந்தைக்குச் சரியாகக் காது கேட்கிறதா என்று பார்ப்பது நல்லது. பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறானா? பைக் சத்தம் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது, அது பெரிய சத்தம். சந்தேகம் இருந்தால் காது பரிசோதனை செய்துவிடலாம், குழந்தைக்கு வலிக்காது.

இன்னொன்று, வழக்கமான கத்தலுக்கும் நோயின் கத்தலுக்கும் உள்ள வித்தியாசம். திடீரென்று, இதுவரை கேட்காத மாதிரி வீறிட்டால், சட்டையைக் கழற்றி உச்சி முதல் பாதம் வரை பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு உங்களுக்கு முடி கொட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு முடி சாக்ஸுக்குள் போய்க் கால்விரலைச் சுற்றி இறுக்கிக்கொண்டாலே குழந்தை வீட்டைத் தலைகீழாக்கிவிடும். விரல் சிவந்து வீங்கியிருக்கும், முடி கண்ணுக்கே தெரியாது. அரைஞாண் கயிறு இறுகியிருக்கிறதா, கொலுசின் முனை குத்துகிறதா, கவட்டியில் வீக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். காலை மடக்கிக்கொண்டு வீறிடுகிறான், பிறகு துவண்டு வெளிறிக் கிடக்கிறான், கால் மணி நேரம் கழித்து மறுபடியும் அதே மாதிரி வீறிடுகிறான் என்றால் குடல் சொருகலாக, அதாவது குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் சொருகிக்கொள்வதாக, இருக்கலாம். அவன் வயதில்தான் அது அதிகம் வரும். பச்சையாக வாந்தி, ஜெல்லி போல ரத்தம் கலந்த மலம் வரும்வரை காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.

இந்த இடத்தில் பாட்டிமார்கள் உள்ளே வருவார்கள். "உரம் விழுந்திருக்கும்" என்று சொல்லிக் குழந்தையை வேட்டியில் போட்டு உருட்டுவது, தலைகீழாகப் பிடித்து உதறுவது, தொக்கம் எடுக்கிறேன் என்று வாயில் ஊதுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். உருட்டுவதும் உதறுவதும் மேலே சொன்ன உலுக்கலுக்கு அண்ணன் தம்பிகள். சளி சிரப் கொடுத்தால் தூங்கிவிடுவான் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள், மூச்சைப் பாதிக்கும். உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவதாக இருந்தால் சுற்றிப் போடட்டும். மிளகாய்ப் புகை மட்டும் குழந்தையிருக்கும் அறைக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி. காதில் வைத்துக்கொள்ளலாமா? தாராளமாக. தப்பே இல்லை, நான் சீட்டிலேயே எழுதித் தருவேன். பஞ்சு மட்டும் வேண்டாம், அது பேருக்குத்தான் அடைக்கும். மருந்துக் கடையிலோ ஆன்லைனிலோ ஃபோம் இயர்பிளக் கிடைக்கும், விலை அதிகம் இல்லை. விரல்களுக்கு நடுவில் மெல்லிசாக உருட்டி, இன்னொரு கையால் காது மடலை மேலும் பின்னாலுமாக இழுத்துப் பிடித்து உள்ளே செருகுங்கள். அது விரிந்து உட்காரும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைச் செய்யாமல்தான் பலரும் "போட்டேன், ஒன்றும் குறையவில்லை" என்கிறார்கள். சரியாகப் போட்டால் 20 டெசிபல் அளவுக்குக் குறையும். அப்புறமும் பையன் குரல் நன்றாகக் கேட்கும். ஊசி மட்டும் போயிருக்கும். பஸ், விமானத்தில் போடும் ஓசை நீக்கும் ஹெட்போன் வாங்கலாமா என்று கேட்பீர்கள். அது ஃபேன், என்ஜின் மாதிரி தாழ்ந்த இரைச்சலை நன்றாக நீக்கும், வீறிடலை அவ்வளவாக நீக்காது. இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதற்காகச் செலவு செய்ய வேண்டாம். பாட்டை ஏற்றிவைத்து அழுகையை அமுக்கப் பார்க்காதீர்கள், காதுக்கு இரண்டு சத்தமும் சேர்ந்துதான் போகும்.

இதில் மூன்று எச்சரிக்கை. இயர்பிளக் அவன் வாய்க்குள் போனால் மூச்சடைக்கும், கழற்றினால் டப்பாவில் போட்டு உயரே வையுங்கள். வீட்டில் நீங்கள் மட்டும் இருக்கும்போது இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அப்புறம், நாள் முழுக்கப் போட்டுக்கொண்டே இருந்தால் காது அமைதிக்குப் பழகி, சின்னச் சத்தமும் பெரிதாகத் தெரிய ஆரம்பிக்கும். கத்தல் உச்சத்தில் இருக்கும் நேரத்துக்குப் போடுங்கள், முடிந்ததும் எடுத்துவிடுங்கள். காதில் சீழ், வலி இருந்தால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

இனி, பணம் செலவில்லாத விஷயம். குழந்தையை எப்படித் தூக்குகிறீர்கள்? தோளில் போட்டால் அவன் வாய் உங்கள் காதிலிருந்து நாலு விரல் தூரத்தில் இருக்கும். தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும். அதனால் வீறிடும் நேரத்தில் இடுப்பில், முகம் வெளியே பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். வாய் அந்தப் பக்கம், காது இந்தப் பக்கம். இவ்வளவு சாதாரண விஷயம் எவ்வளவு வித்தியாசம் செய்கிறது என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். உங்களுக்கு எந்தக் காது அதிகம் கூசுகிறதோ அந்தப் பக்கம் தூக்காதீர்கள்.

வீட்டையும் பாருங்கள். நம் ஊர் வீடுகள் டைல்ஸ் தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை. சத்தம் போக வழியில்லாமல் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி வரும். கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். தட்டிய பிறகும் கணகணவென்று ஓசை நீடித்தால், பையன் ஒருமுறை கத்துவது உங்கள் காதில் பலமுறை விழுகிறது என்று அர்த்தம். அவன் அதிக நேரம் இருக்கும் அறைக்குக் கனமான திரைச்சீலை போடுங்கள். தரையில் இலவம்பஞ்சு மெத்தை, சுவரோரம் மடித்து அடுக்கிய போர்வைகள். பவானி ஜமுக்காளம் கையெட்டும் தூரத்தில் கிடைக்கிற ஊர் உங்களுடையது. ஒற்றையாக விரித்தால் பெரிய பலன் இருக்காது, மெத்தைக்கு மேல் விரியுங்கள். ஒன்றும் முடியாவிட்டால் கத்தல் ஆரம்பித்ததும் மொட்டை மாடிக்குத் தூக்கிப் போங்கள். வெளியில் அதே கத்தல் பாதிகூட உறைக்காது. பெரும்பாலும் காக்காயைப் பார்த்ததும் அவனுக்கும் கத்த வேண்டும் என்பதே மறந்துவிடும்.

சத்தம் நாள் முழுக்கச் சேர்ந்துகொண்டே வரும் கணக்கு. காலையில் மிக்ஸி, குக்கர், தெருவில் தண்ணீர் லாரி, மாலையில் டிவி சீரியல், நடுவில் யாரோ போனில் ஓடவிடும் ரீல்ஸ். இவ்வளவையும் வாங்கிக்கொண்டு வந்த காதில்தான் ஆறு மணிக்கு அவன் கத்துகிறான். அவன் வாயை மூட முடியாது, டிவியை மூடலாம். மாமியாருக்குச் சீரியல் வேண்டும் என்றால் ஒலியைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். அதைக் கேட்கும் சங்கடம் எனக்கும் தெரியும். டாக்டர் சொன்னார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள், இந்தப் பதிலையே படித்தும் காட்டலாம். மாமியாரே அவனைத் தெருமுனை வரைக்கும் தூக்கிப் போய் வந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, உங்களுக்குக் கோளாறா என்ற கேள்வி. சின்ன வயதிலிருந்தே இருப்பது உங்கள் சுபாவம், உங்கள் நரம்பு அப்படி. சத்தம் மட்டுமில்லாமல் சட்டைக் காலரின் லேபிள், பளிச்சென்ற விளக்கு எல்லாமே சின்ன வயதிலிருந்து தொந்தரவு என்றால் ஒரு மனநல மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். ஆட்டிசம், ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைபாடு இருக்கும் பெரியவர்களிடம் இது அதிகம். ஆனால் இப்போது அது கூடியிருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் கூடியதற்குக் காரணம் இருந்தால் குறைக்க முடியும். தலைவலி வந்தால் இருட்டறையில் படுக்கத் தோன்றுகிறதா? ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குச் சத்தம் விரோதி, அதற்கு மருந்து உண்டு, பால் கொடுக்கிறீர்களா என்பதைச் சொல்லி வாங்க வேண்டும். ஹீமோகுளோபின் எவ்வளவு? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பிரசவத்துக்குப் பிறகு இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா? தைராய்டும் பாருங்கள். பிரசவமான முதல் வருடத்தில் தைராய்டு ஏறி இறங்குவது உண்டு. ஏறும்போது படபடப்பு, எரிச்சல், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது எல்லாம் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

தூக்கம் எத்தனை மணி நேரம் என்று நீங்கள் எழுதவே இல்லை. எழுதாததிலிருந்தே பதில் தெரிகிறது. கணவர் பத்து மணிக்கு வருகிறார், சரி. பத்தரையிலிருந்து இரண்டு வரை பிள்ளை அவர் பொறுப்பு, நீங்கள் வேறு அறையில், இயர்பிளக்கோடு. பால் வேண்டுமென்றால் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குடித்ததும் அவர் தூக்கிக்கொண்டு போகட்டும். கடை விடுமுறை நாளில் காலை இரண்டு மணி நேரம் அவனை வெளியே கொண்டுபோகட்டும். அந்த நேரத்தில் துணி துவைக்காதீர்கள், போனும் பார்க்காதீர்கள், சும்மா இருங்கள். "நான் உதவி செய்கிறேன்" என்று அவர் சொன்னால் திருத்துங்கள், அவருடைய பிள்ளைதான்.

கிண்ணம் எறிந்ததையும் சேர்த்துப் பார்க்கும்போது இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. சத்தம் இல்லாத நேரத்திலும் அழுகை வருகிறதா? பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லையா? அவன் தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லையா? பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு முதல் மாதத்தோடு முடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள், ஒரு வருடம் வரைக்கும் வரலாம். பலருக்கு அது அழுகையாக வராமல் எரிச்சலாக, கோபமாகத்தான் வரும். 1987-இல் உருவான எடின்பரோ படிவம் என்று பத்துக் கேள்விகள் உண்டு, தமிழிலும் இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். உலுக்கும் எண்ணம் மறுபடி மறுபடி வந்தால் இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்களையோ அவனையோ ஏதாவது செய்துவிடலாம் என்று தோன்றினால் அன்றைக்கே, பிள்ளையை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் எண் அது, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

பையனுக்கு 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி வரும். ரத்தப் பரிசோதனையை அதுவரை தள்ளிப்போடாமல் இந்த மாதமே எடுத்துவிட்டு, ஊசிக்குப் போகும்போது அந்த ரிசல்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். டாக்டர் எடை பார்த்து, ஊசி போட்டு அனுப்பப் பார்ப்பார். நாற்காலியிலிருந்து எழுந்துவிடாமல், "எனக்கும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்" என்று ஆரம்பியுங்கள். முடிந்தால் அன்றைக்குக் கணவரையும் லீவு போட்டு வரச் சொல்லுங்கள், ஊசி போட்டதும் அவன் வீறிடும்போது தூக்க ஆள் வேண்டும்.